எவ்வளவு நுட்பம் வேண்டும்?

மனிதர் செய்யும் தொழில் எதுவாயினும், அதில் பிறர் கண்ணுக்குப் புலப்படும் பகுதி ஒன்றும் புலப்படாத பகுதி ஒன்றும் உண்டு. தச்சன் செய்த கதவின் முகப்பை வீட்டுக்கு வருவோர் யாவரும் காண்பர். சட்டங்கள் சேரும் மூட்டினுள்ளே உளி எவ்வளவு செம்மையாகச் சென்றது என்பதைத் தச்சன் ஒருவனே அறிவான். தையற்காரர் தைத்த சட்டையின் வெளிப்புறம் ஊருக்கு, உட்புறம் அவருக்கு. வெளிப்பகுதியில் செம்மையாயிருப்பதற்குப் பெரியதோர் ஒழுக்கம் வேண்டுவதில்லை. பிறர் கண்ணே அங்கு காவல் நிற்கும். உட்பகுதியில் எவ்வளவு செம்மை வேண்டும், அது யார் பொருட்டு வேண்டும், எந்த இடத்தில் "இது போதும்" என்று கையெடுக்கலாம் என்பனவே ஆராய்வதற்குரிய கேள்விகள்.

இக்கேள்விகளை ஆகாயத்தில் நிறுத்தி ஆராய்வதில் பயன் இல்லை. ஆதலின், தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நம்மவர் அறியாதார் இல்லாத ஒரு பொருளின்மேல் வைத்தே இதனை ஆராய்வோம். அதுதான் மோட்டார் சைக்கிள். அதிலும், இந்நாட்டார் யாவரும் "கப்சாய்" என்று செல்லமாக அழைக்கும் சிறிய வண்டி. அப்பெயருக்கு மூலமான ஹோண்டா கப் வண்டி 1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்தது. 2017-ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பால்மரக் காட்டுப் பாதையிலும் மீன் சந்தையிலும் பள்ளிக்கூட வாசலிலும் அது நிற்காத இடம் இல்லை. ஏழை எளியவரின் கூலியும் நேரமும் அதன் சின்னஞ்சிறு எஞ்சினை நம்பியிருக்கின்றன. அந்த எஞ்சினைப் பிரித்து மீண்டும் பூட்டும்போது கேம்ஷாப்டின் டைமிங்கை எவ்வளவு துல்லியமாக வைக்க வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இது பட்டறைக்காரர் விஷயமாயிற்றே, கட்டுரைக்கு என்ன வேலை என்று நேயர்கள் நினைக்க வேண்டா. சற்றுப் பொறுத்துப் படித்தால், அவரவர் தொழிலும் இதனுள்ளே இருக்கக் காண்பீர்கள்.

முதலில் யந்திரத்தின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுவோம். ஜெர்மனி தேசத்தில் நிக்கோலாஸ் ஆட்டோ என்பவர் 1876-ஆம் ஆண்டில் செய்து காட்டிய முறைப்படி, எஞ்சினுள் பிஸ்டன் நான்கு ஓட்டம் ஓடுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை உறிஞ்சுவது ஓர் ஓட்டம். அதை அமுக்குவது இரண்டாவது. அது எரிந்து பிஸ்டனைத் தள்ளுவது மூன்றாவது. புகையை வெளியேற்றுவது நான்காவது. இந்நான்கு ஓட்டங்களுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கிராங்க் இரண்டு முறை சுற்றுகிறது. ஆவி வருவதற்கு ஒரு வால்வும் புகை போவதற்கு ஒரு வால்வும் உண்டு. இவற்றைத் தக்க காலத்தில் திறப்பதே கேம்ஷாப்டின் வேலை. அது முட்டை வடிவான மேடுகளையுடைய ஒரு சிறு தண்டு. கிராங்க் இருமுறை சுற்றும்போது அது ஒரே முறை சுற்றும். இரண்டையும் ஒரு டைமிங் செயின் இணைக்கின்றது.

ஆகவே கேம்ஷாப்ட் தன் மனம்போல் சுற்றும் பொருள் அன்று. பிஸ்டன் எந்த நிலையில் உள்ளதோ அதற்கேற்ற நிலையில் அது இருந்தாக வேண்டும். இதற்காகவே செய்தவர்கள் அடையாளங்கள் பொறித்திருக்கிறார்கள். பிளைவீலில் உள்ள 'டி' என்னும் எழுத்து உறையிலுள்ள கோட்டுக்கு நேரே வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்பது பொருள். அப்போது கேம்ஷாப்டின் பல்சக்கரத்தில் உள்ள குறி, ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும். இரு குறிகளும் பொருந்தினால் வேலை முடிந்தது. இவ்வளவு எளிய காரியத்தில் தத்துவத்துக்கு இடம் ஏது என்று கேட்கலாம். அதற்கு விடையாக நமது வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். அது நமக்குப் பெருமை தருவதன்று.

சற்றேறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூர்ப் பட்டறையில் நாம் கையாளாக இருந்தோம். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவர், எழுபது சி.சி. வண்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். புகை தள்ளியது, பிஸ்டன் வளையங்களை மாற்ற வேண்டியிருந்தது. ஹெட்டைக் கழற்றினால் டைமிங் செயினையும் கழற்றியாக வேண்டும். வேலையெல்லாம் முடிந்து பூட்டும் நேரம் அந்தி சாய்ந்துவிட்டது. முதலாளி வெளியே போயிருந்தார். வண்டிக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "தம்பி, காலையில பெரட்டுக்குப் போகணும்; வண்டி இல்லாம முடியாது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். நாம் 'டி' எழுத்தைக் கோட்டுக்கு நேரே வைத்தோம், செயினை மாட்டினோம், மேலேயுள்ள குறியும் வெட்டுக்கு நேரே நிற்பதுபோல் தோன்றியது. மூடியை வைத்துப் பூட்டினோம்.

பூட்டுமுன் செய்ய வேண்டிய ஒன்றை நாம் செய்யவில்லை. செயினை மாட்டியபின், எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகளை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏனெனில், மாட்டும்போது செயினின் தளர்ச்சி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கிராங்க் இழுக்கும் பக்கத்தில் தளர்ச்சி நின்றுவிட்டால், குறி சரியாக இருப்பதுபோலத் தோன்றும். கிராங்க் சுற்றத் தொடங்கியவுடன் முதலில் அத்தளர்ச்சியே இழுபடும். அதுவரை கேம்ஷாப்ட் சும்மா நிற்கும். பிறகு ஒரு பல் பின்தங்கியே சுற்றும். இருமுறை சுற்றிப் பார்த்தால் இக்குற்றம் வெளிப்பட்டுவிடும். ஒரே சுற்றுப் போதாது. கிராங்கின் இரண்டு சுற்றே கேம்ஷாப்டின் ஒரு சுற்று. இந்த விதி நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சுற்றவில்லை. அந்த வேலைக்கு இரண்டு நிமிஷம் ஆகாது.

வண்டி உதைத்தபோது உடனே பிடிக்கவில்லை. பலமுறை உதைத்தபின் பிடித்தது. "புது வளையம், அப்படித்தான் இருக்கும், அண்ணே" என்று சொல்லி அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். குறை சொல்ல வரவில்லை. பிரேக்கைப் பார்க்க வந்தார். பேச்சோடு பேச்சாக, வண்டிக்கு வயதாகிவிட்டது என்றும், காலையில் பிடிக்காமல் போய் இரண்டு நாள் பெரட்டுக்குப் பிந்திவிட்டதால் அந்த இரண்டு நாட் கூலியும் போயிற்று என்றும் சொன்னார். அவர் மகள் பட்டணத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் அவளைப் பெரிய சாலைக்குக் கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிடுவது அவர் வழக்கம். இடையே ஒரு மேடு உண்டு. இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டி அந்த மேட்டில் ஏறவில்லையாம். ஆகவே அச்சிறு பெண் மேட்டடியில் இறங்கி, புத்தகப் பையோடு நடந்தே மேலே ஏறி, அங்கே மறுபடி உட்கார்ந்துகொள்வாளாம். "எனக்குத்தான் சரியா உதைக்கத் தெரியல, தம்பி" என்று அவர் சிரித்தார்.

நாம் மூடியைத் திறந்தோம். 'டி' எழுத்தைக் கோட்டுக்கு நேரே கொணர்ந்து பார்த்தபோது, மேற்குறி வெட்டிலிருந்து ஒரு பல் பின்னே நின்றது.

நேயர்களே, ஒரு பல் என்றால் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். கேம்ஷாப்டின் சக்கரத்தில் 28 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 12.9 டிகிரி ஆகும். கிராங்க் அதற்கு இரட்டிப்பாகச் சுற்றுவதால், கிராங்கின் கணக்கில் இது 25.7 டிகிரி. பிஸ்டனின் ஓர் ஓட்டம் 180 டிகிரி. எனவே ஒரு பல் பிழையென்பது ஓர் ஓட்டத்தில் ஏழில் ஒரு பங்கு பிழையாகும். ஆவி வரும் வால்வு அவ்வளவு காலந் தாழ்த்து மூடினால், மெல்லச் சுற்றும் வேளையில், உள்ளே வந்த ஆவியின் ஒரு பகுதியைப் பிஸ்டன் ஏறும்போதே வந்த வழியில் திருப்பித் தள்ளிவிடும். உதைத்தால் பிடிக்காது, மேட்டில் இழுக்காது, பெட்ரோல் மட்டும் குறையும். அம்மனிதரின் காலிலும் குற்றமில்லை, வண்டியின் வயதிலும் குற்றமில்லை. குற்றம் முழுவதும் அந்தியில் நாம் சுற்றாமல் விட்ட இரண்டு சுற்றிலேதான் இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் அதைச் சரிசெய்தோம். வண்டி முதல் உதையிலேயே பிடித்தது. "என்ன தம்பி கோளாறு?" என்று கேட்டார். "செயின் தளர்ந்துபோச்சு, அண்ணே" என்றோம். அவர் மகிழ்ந்து, தேநீருக்கென்று இரண்டு வெள்ளியை நமது சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனார். நாம் அதனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நிற்க. இந்நிகழ்ச்சியிலிருந்து, "ஆகவே எல்லாவற்றையும் மயிரிழை பிசகாமல் செய்யவேண்டும்" என்று முடிவு கட்டுவார் உளர். அம்முடிவு கேட்பதற்கு உயர்ந்ததாகத் தோன்றினும் உண்மையன்று என்பதே நமது எண்ணம். அதனையும் யந்திரத்தின் மேலேயே வைத்து ஆராய்வோம்.

பந்தயத்துக்கு எஞ்சின் கட்டுவோர், செய்தவர் பொறித்த குறியோடு அமையமாட்டார்கள். கிராங்கில் டிகிரி வட்டு ஒன்றைப் பூட்டுவார்கள். வால்வின்மேல் டயல் கேஜ் ஒன்றை நிறுத்துவார்கள். சக்கரத்தின் துளைகளை நீளவாக்கில் அகற்றி, பல்லுக்குப் பல் தாண்டாமல் ஒவ்வொரு டிகிரியாக நகர்த்துவார்கள். இவர்கள் முதலில் தேடுவது பிஸ்டனின் உண்மையான உச்சி நிலையை. அதைக் கண்டுபிடிக்கும் முறை மிக அழகானது. உச்சியருகே பிஸ்டன் அசைவதே அரிது. 41.4 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள எழுபது சி.சி. எஞ்சினில், உச்சியிலிருந்து கிராங்கை 5 டிகிரி தள்ளினாலும் பிஸ்டன் இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. எனவே உச்சியை உற்றுப் பார்த்து உச்சியைக் காண இயலாது. ஆகையால் பிளக் துவாரத்தில் ஒரு தடையை வைத்து, கிராங்கை ஒரு புறமாகச் சுற்றிப் பிஸ்டன் தடையில் முட்டும் இடத்தைக் குறிப்பார்கள். பின் மறுபுறமாகச் சுற்றி, முட்டும் இடத்தைக் குறிப்பார்கள். இவ்விரண்டுக்கும் நட்டநடுவே உள்ளதே உச்சி. இருபுறமும் சென்று முட்டியவனுக்கே நடுவிடம் தெரிகிறது என்பது யந்திரத்துக்கு மட்டும் பொருந்தும் விதியன்று.

ஆயினும் இந்நுட்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 18 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டின் விளிம்பில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இடம். முள்ளின் கனம் அரை மில்லிமீட்டர் இருந்தாலே, டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு அதனுள் மறைந்துவிடும். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றும் எஞ்சினில், ஒரு டிகிரி கடக்கும் காலம் ஒரு விநாடியில் முப்பத்தாறாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வேகத்தில் செயின் துடிக்கிறது, நீளுகிறது. மேசைமேல் கால் டிகிரிக்குச் சரிபார்த்தவன், சாலையில் அக்கால் டிகிரி அவ்வாறே நிற்கும் என்று எண்ணினால், அது நுட்பமன்று. நுட்பத்தைப் பற்றிய கற்பனையே ஆகும்.

இன்னும் ஒன்று. "மிகச் சரியான டைமிங்" என்பதாக உலகில் ஒன்றில்லை. ஏட்டுக் கணக்கின்படி, ஆவி வரும் வால்வு பிஸ்டன் உச்சியில் இருக்கையில் திறந்து, அடியில் இருக்கையில் மூடவேண்டும். ஆனால் ஆவிக்கும் எடை உண்டு. புறப்படவும் தாமதிக்கும், புறப்பட்டபின் நிற்கவும் தாமதிக்கும். அதனால் பெரும்பாலான எஞ்சின்களில் அவ்வால்வு உச்சிக்கு முன்பே திறந்து, அடியைக் கடந்தபின்னரே மூடுகிறது. எவ்வளவு கடந்தபின் என்பது வேகத்தைப் பொறுத்தது. மெல்ல ஏறுவதற்கு ஏற்றது விரைந்து ஓடுவதற்கு ஏலாது. விரைந்து ஓடுவதற்கு ஏற்றது மெல்ல ஏறுவதற்கு ஏலாது. இக்காரணம் பற்றியே ஹோண்டா கம்பெனியார் 1989-ஆம் ஆண்டில் தங்கள் இன்டெக்ரா காரில், வேகத்துக்குத் தக்கவாறு வால்வின் காலத்தையும் உயரத்தையும் மாற்றும் ஏற்பாட்டைப் புகுத்தினர். ஒரே காலம் எல்லாவற்றுக்கும் பொருந்துமாயின் அவர்களுக்கு இத்தொல்லை ஏன்? ஆகவே "சரி" என்பது ஒரு நோக்கத்துக்குச் சரி என்பதேயாம். நோக்கத்தை விட்டு நுட்பத்தை மட்டும் அளக்க எந்தக் கருவியும் இல்லை.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது ஒழுக்க நூலின் முதற்பகுதியிலேயே இவ்விஷயத்தைத் தொட்டிருக்கிறார். எப்பொருளிலும் அப்பொருளின் இயல்பு இடங்கொடுக்கும் அளவுக்கே நுட்பத்தைத் தேடுவது கற்றோர் இலக்கணம் என்பதும், செங்கோணத்தைத் தச்சன் தேடும் முறை வேறு, கணித நூலார் தேடும் முறை வேறு என்பதும் அவர் கருத்து. தச்சன் தன் வேலைக்கு வேண்டுமளவு தேடுகிறான்; கணித நூலாரோ செங்கோணம் எத்தன்மையது என்பதையே தேடுகிறார். இருவரும் நேர்மையானவரே.

நம்மவர் பலருக்கு இதை விளக்கக் கிரேக்க தேசம் போகவும் வேண்டா. பால்மரம் வெட்டியவர் கையைக் கேட்டால் போதும். மரப்பட்டையில் பால் நிறைந்த குழாய்கள், மரம் வளரும் இளம்படலத்தை ஒட்டியே மிகுதியாக இருக்கின்றன. கத்தி ஆழாமல் நின்றால் பால் குறையும். ஆழ்ந்து அப்படலத்தைத் தொட்டால் மரம் காயப்பட்டு, பட்டை மறுபடி செம்மையாக வளராது. இடையே விட்டுவைக்க வேண்டிய பட்டையின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இதை அளக்க அவர் கையில் டயல் கேஜ் இல்லை. இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மரங்களில், ஒவ்வொன்றிலும் அவ்வளவில் கத்தியை நிறுத்துகிறார். அதே வேளையில் ஒரே மரத்தின்முன் அரைமணி நேரம் நின்று, கத்தி சென்ற கோட்டை வியந்துகொண்டிருப்பதும் இல்லை. விடிந்து வெயில் ஏறினால் பால் வரத்துக் குறையும் என்பது அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் மில்லிமீட்டர் முக்கியம், எந்த இடத்தில் நிமிஷம் முக்கியம் என்பதை அவர் பிரித்தறிந்திருக்கிறார். இதுவே தொழிலறிவு.

அங்ஙனமாயின் கேம்ஷாப்ட் விஷயத்தில் முடிவு யாது? மூன்று நிலைகளாகப் பிரித்துக் கூறலாம்.

முதலாவது, பல் அளவு. இங்கே பிழைக்கு இடமே இல்லை. குறி பொருந்த வேண்டும். இருமுறை சுற்றியபின்னும் பொருந்த வேண்டும். ஏழையின் வண்டியாயினும் செல்வனின் வண்டியாயினும், அந்தியாயினும் காலையாயினும், இதனைக் குறைக்க எவருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது, பல்லுக்குக் குறைந்த சில டிகிரி அளவு. பழைய வண்டியில் குறி வெட்டுக்குச் சற்றே பின்னே நிற்பதுண்டு. செயின் தேய்ந்து நீண்டிருக்கலாம். ஹெட்டை யாரோ மிகுதியாகச் சீவியிருக்கலாம். இரண்டும் கேம்ஷாப்டைப் பின்தங்கச் செய்யும். சாதாரணச் சக்கரத்தில் பல்லைவிடச் சிறிய அளவில் நகர்த்த வழியில்லை. எனவே இங்கு வேண்டுவது கைநுட்பமன்று. காரணத்தைத் தேடும் மனம். மேலும், தேடிக் கண்டதை உடையவரிடம் சொல்லும் வாய். "செயின் மாற்றினால் நல்லது, இவ்வளவு செலவாகும், மாற்றாவிடில் மேட்டில் சற்று இழுவை குறையும்" என்று சொல்லிவிட்டால், முடிவு செய்ய வேண்டியவர் அவரே. டிகிரிக் கணக்கு அவருக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் மேடும் பெட்ரோல் விலையும் பெரட்டு நேரமும் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, ஒரு டிகிரியும் அதற்குட்பட்டதும். இது பந்தயக்காரருக்கும், அறிவின் பொருட்டு அறிய விரும்புவோருக்கும் உரியது. நாள்தோறும் வேலைக்குப் போகிறவரின் கப்சாய் வண்டியை இதற்காக மூன்று நாள் பட்டறையில் நிறுத்திவைப்பவன் நுட்பமுடையவன் அல்லன். தன் திறமையைத் தானே பார்த்து மகிழ்வதற்குப் பிறனுடைய மூன்று நாட் கூலியைச் செலவு செய்கிறவன் அவன். அசட்டையும் பிறர் பொருளைத் திருடும். வீண் நுணுக்கமும் திருடும். முன்னது இருட்டில் திருடுகிறது. பின்னது பாராட்டுப் பெற்றுக்கொண்டே திருடுகிறது.

இவ்வாறு நுட்பத்துக்கு எல்லை கட்டுவது எளிது. ஆனால் எல்லை கட்டலாகாத ஒன்று இதனுள் உண்டு. அதுதான் நாம் செய்ததைப் பற்றி நாமே சொல்லும் சொல். ஒரு பல் சரியா என்று பாராதவன் "பாரேன்" என்று சொல்லக் கடமைப்பட்டவன். சில டிகிரி தள்ளி நிற்பதைக் கண்டவன் "தள்ளி நிற்கிறது" என்று சொல்லக் கடமைப்பட்டவன். அளந்தது ஒரு டிகிரி வரையாயின், கால் டிகிரி என்று கூறிக்கொள்ளாதிருக்கக் கடமைப்பட்டவன். இரும்பில் பிழை இருக்கலாம். இரும்பின் இயல்பு அது. சொல்லில் அப்பிழையை மறைப்பதற்கு எந்த யந்திரமும் காரணமாகாது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. மூடிக்குள் செய்த பிழையின் கொடுமை, அது வேலையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை என்பதே. பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் தெரியாது. காரணம் தெரியாதவர் நாளடைவில் தம்மையே நொந்துகொள்கிறார். கூலி இழந்தவர் தம் காலை நொந்துகொண்டார். மேட்டில் நடந்த பெண் வண்டியின் வயதை எண்ணி அமைதியடைந்திருப்பாள். தராசில் நாளுக்கு ஓர் அவுன்சு குறைந்தால், பால் நிறுப்பவரை அல்ல, "இன்று மரம் வற்றிவிட்டது" என்று மரத்தையே நோவார் வெட்டியவர். பிறருடைய குறையை ஏழை தன் குறையென்று சுமப்பது, அவன் இழந்த கூலியைவிடப் பெரிய நஷ்டம். திருக்குறளில் நடுவு நிலைமைக்கென்று தனி அதிகாரம் வகுத்தவர் அதனுள் துலாக்கோலை உவமையாக வைத்ததும் வீணன்று. தட்டுக்களைப் பார்ப்பவர் பலர். கோலின் நடுவே உள்ள முள்ளைப் பார்ப்பவர் சிலர்.

நாம் அன்று பல்லைத் திருத்தினோம், சொல்லைத் திருத்தவில்லை. "செயின் தளர்ந்துபோச்சு" என்னும் சொல்லால், செய்த பிழையைச் செயினின் தலையிலே போட்டோம். அவருடைய கால் நல்ல கால் என்பதையும், மகள் நடந்த இரண்டு மாத நடை நமது கைக்குற்றம் என்பதையும் அவர் அறியும் உரிமையை நாம் எடுத்துக்கொண்டோம். இரண்டு வெள்ளியும் பெற்றுக்கொண்டோம். பின்னர் அத்தோட்டம் விற்கப்பட்டது. ஆட்கள் பல இடங்களுக்குப் பெயர்ந்தனர். அவர் எங்குச் சென்றார் என்பது நமக்குத் தெரியவில்லை. வண்டியின் டைமிங்கைத் திருத்த முக்கால் மணி நேரம் போதுமானதாயிருந்தது. அந்தச் சொல்லைத் திருத்துவதற்கு நாற்பது ஆண்டும் போதவில்லை.

ஆதலின் பட்டறையிலும், ஆபீசிலும், தராசின் முன்னும், கரும்பலகையின் முன்னும் நிற்கும் சகோதரர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுவே. மயிரிழையைத் தேடி மலைக்க வேண்டா; உங்கள் வேலையால் வாழ்கிறவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நுட்பம் போதும். ஆனால் அந்த அளவை மூடியைப் பூட்டுமுன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சோதிக்க மறந்திருந்தால், மூடியை மீண்டும் திறக்க வெட்கப்படாதீர்கள். திறந்து பிழை கண்டால், கண்டது இன்னதென்று உடையவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபிக்கலாம், கூலியைக் குறைக்கலாம், வேறு பட்டறைக்கும் போகலாம். அவையெல்லாம் அவர் உரிமை.

இன்றும் எப்போதாவது ஓர் எஞ்சினைப் பூட்டும் சந்தர்ப்பம் நமக்கு நேர்வதுண்டு. குறிகள் பொருந்தியிருப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், ஸ்பேனரைக் கிராங்கில் மாட்டி, ஓடும் திசையிலேயே மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றி, விளக்கை அருகே பிடித்துப் பார்த்த பின்னரே மூடியை எடுக்கிறோம். அப்போதெல்லாம் அந்த மேடு நினைவுக்கு வருகிறது.